லியுவின் நாகமும் இல்லாத துடக்கும்

08.01.2024, திங்கள்

முட்டை பதினொன்று. கீரை இருபது பிடி கட்டினேன், பதினேழு போனது. மஞ்சள் துணி இருபத்திரண்டு யார் நீளம் என்று சொல்லி வந்தது. அளந்து பார்த்தேன், கால் யார் குறைவு.

துணியை லியு சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர்க் குழாய் போடுகிற சீனக் கம்பனியின் முகாமில் அவர் சமையல்காரர். ஒரு வருடமாக எங்களிடம்தான் கீரை வாங்குகிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெங்காயம், கொஞ்சம், நாளைக்கு, சுகமா – இவ்வளவுதான் அவருடைய தமிழ். மிச்சத்தை அவருடைய போனுக்குள் இருக்கிற ஒரு பொம்பிளை படத்தில் கதைக்கிற மாதிரிக் கதைத்துச் சொல்லுவாள்.

பெப்ரவரி பத்தாம் தேதி அவர்களுக்கு வருடப்பிறப்பாம். அவருடைய ஊரில் அன்றைக்கு ஒன்பது பேர் தடிகளில் உயர்த்தி ஆட்டுகிற நீட்டு உருவம் ஒன்று உண்டாம். இங்கே வந்து நாலு வருடப்பிறப்பு அது இல்லாமலே போய்விட்டதாம். இந்த முறை எங்கள் ஆட்களோடு செய்யப் போகிறார். மூங்கில் வளையம் கட்டுவது ஆம்பிளைகள். உடம்பு தைப்பது நான்.

அகராதியில் பார்த்தேன். பறவைநாகம் என்று கிடக்கிறது. லியு காட்டிய படத்தில் செட்டை ஒன்றும் இல்லை. எங்கள் சனம் அதற்கிடையில் பெயர் வைத்துவிட்டது: லியுவின் நாகம்.

நாகம் என்று வந்தபடியால் தையல் மெசினுக்குத் திருநீறு பூசிவிட்டுத்தான் துணியை வெட்டினேன்.

11.01.2024, வியாழன்

தடி பிடிக்கிற ஒன்பது பேரையும் இன்று தெரிந்தெடுத்தார்கள். சனசமூக நிலையத் தலைவர் அஜந்தன் மேளம். முத்துக்கு ஒரு ஆள் – தடி நுனியில் சிவப்புப் பந்து ஒன்றைச் சுழற்றிக்கொண்டு முன்னுக்கு ஓட வேண்டும், நாகம் அதைப் பிடிக்கத் துரத்தும்.

தலைக்கு என் மனிசன், இவர்.

ஆர் சொன்னது என்று கேட்டேன். லியுதான் காட்டினாராம். முன்னொரு காலம் காவடி எடுத்த தோள் என்று பார்த்தவுடன் தெரியுமாம். இவர் சிரித்துக்கொண்டு வந்து சொன்னார். நான் சிரிக்கவில்லை.

15.01.2024, திங்கள். தைப்பொங்கல்

பால் கிழக்கால் பொங்கியது. நல்லது.

இந்தக் கொப்பியை ஒருவரும் பார்ப்பதில்லை. இதில் எழுதுவது சொல்லுவதில் சேராது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

கார்த்திகை மாதம் இவர் வயல் வரம்பில் அப்படியே குந்திவிட்டார். இடது கை விறைத்து, முகம் வேர்த்து. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வெளியில் காய்ச்சல் என்று சொன்னோம். யாழ்ப்பாணத்துக்குப் போய் இருதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், பாரம் தூக்கக்கூடாது, ஓடக்கூடாது என்று டொக்டர் எழுதித் தந்த கடிதம் அலுமாரிக்குள் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்த அன்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி என் கையைப் பிடித்து அதற்கு மேலே வைத்தார். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. மகள் சாரங்காவுக்கும் சொல்லக்கூடாது, யாழ்ப்பாணத்தில் கம்பசில் கடைசி வருடம், பிள்ளை சோதினையை விட்டுவிட்டு ஓடி வரும். வருத்தக்காரன் என்று பெயர் கட்டினால் ஊரில் ஒரு வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். நான் ஓம் என்றேன். சத்தியம் பண்ணினது நான்தான். ஒருவரும் என் வாயைக் கட்டவில்லை.

17.01.2024, புதன்

தலை முடிந்தது. பிரம்பும் கம்பியும் கடதாசியும். நெல் நிறுக்கிற தராசில் வைத்தேன் – தடியோடு ஐந்தே முக்கால் கிலோ. கையை உயர்த்தி ஐந்தே முக்கால் கிலோ.

கண் இரண்டும் வெறும் வெள்ளை.

20.01.2024, சனி

பழக்கம் தொடங்கியது. பின்னேரம் நாலரை மணிக்கு, வாசிகசாலைக்குப் பின்னால் உள்ள வெட்டை வெளியில்.

தொடங்க முதல் அஜந்தன் தேங்காய் உடைத்தார். கற்பூரம் காட்டினார். செருப்போடு நின்றவர்களைக் கழற்றச் சொன்னார். அந்த ஒன்பது பேரும் முத்துக்காரனும் பத்தாம் தேதி வரைக்கும் மச்சமாமிசம் இல்லை என்று தாங்களே முடிவெடுத்துவிட்டார்கள். அதை லியுவுக்குச் சொன்னால் மனிசன் திகைத்துப்போய் நிற்கிறார். தங்கள் ஊரில் ஆட்டத்துக்கு முதல் நாள் பன்றி இறைச்சிதான் என்று போன் பொம்பிளை சொன்னாள். "பாம்பு மாதிரிக் கிடக்கு அண்ணை. சும்மா தூக்கேலாது" என்றார் அஜந்தன். லியு யோசித்துவிட்டுத் தானும் செருப்பைக் கழற்றினார்.

ஆட்டம் எப்படி என்று பார்த்துக்கொண்டேன். தலை ஓட உடம்பு ஓடும். ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவரின் தடியை மட்டும் பார்க்க வேண்டும். தலை ஒரு இடத்தில் தங்கினால் பின்னால் எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவர். அதனால் தலை தங்கக்கூடாது. மேளம் நிற்கும் வரைக்கும், மூன்று சுற்றுக்கும். லியுவின் ஊரில் களைத்தால் ஓட்டத்திலேயே கை மாற்றுவதற்கு இன்னொரு ஆள் பக்கத்தில் ஓடுவாராம்.

இங்கே மேலதிகமாக ஒரு ஆள்தான். ரூபன்.

இவர் அலை மாதிரி எழுப்பி, எட்டுப் போட்டு, வாலுக்கு மேலால் பாய்ந்தார். சனம் கை தட்டியது. எனக்குக் கண்ணில் வேறொன்றும் தெரியவில்லை. இவருடைய வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறேன்.

24.01.2024, புதன்

ரூபனின் அக்காவுக்குப் பெண் குழந்தை. ஒரே வீடு, அவருக்குத் துடக்கு, பிறப்புத் தீட்டு. தடி தொடக்கூடாது என்று விலத்திவிட்டார்கள். லியுவுக்கு இது விளங்கவேயில்லை. பிள்ளை பிறந்தது நல்ல காரியமல்லவா, ஏன் ஆளைத் துரத்துகிறீர்கள் என்று கேட்டாராம். அஜந்தன் கால் மணித்தியாலம் விளங்கப்படுத்திவிட்டு, கடைசியில் "வெங்காயம், நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாராம். எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது சரியாக ஒன்பது பேர். மாற்றுவதற்கு ஆள் இல்லை.

25.01.2024, வியாழன். தைப்பூசம்

கோயிலில் நின்று முருகனிடம் ஒன்று கேட்டேன். மழை கேட்டேன். நெல் அரிவி வெட்டுக்காலத்தில் மழை கேட்ட பாவி நான்.

29.01.2024, திங்கள்

குளிசையை எண்ணினேன்.

பன்னிரண்டாம் தேதி கிளினிக்கில் முப்பது தந்தது. பதின்மூன்றாம் தேதி தொடக்கம் காலையில் ஒன்று. இன்றைக்குப் பதினேழு போயிருக்க வேண்டும், பதின்மூன்று மிச்சம் இருக்க வேண்டும்.

இருபத்தி மூன்று இருக்கிறது.

மறுபடியும் எண்ணினேன். அட்டையைத் திருப்பிப் பிடித்து எண்ணினேன். ஏழுதான் போட்டிருக்கிறார். அப்படியென்றால் இருபதாம் தேதியிலிருந்து இல்லை. பழக்கம் தொடங்கின நாளிலிருந்து. ஒவ்வொரு காலையும் நான் தண்ணீரோடு கையில் கொடுக்கிறேன், வாய்க்குள் போடுவதைக் கண்ணால் பார்க்கிறேன் – பிறகு எங்கே துப்புகிறார்? துப்பினதை எடுத்து அட்டைக்குள்ளேயே திரும்ப வைக்கிறாரோ? பத்துக் குளிசை ஓட்டையான கூட்டுக்குள் சும்மா செருகிக் கிடந்தது. பிள்ளையாரே, இந்த மனிசன்…

செதில் இன்று நாற்பது தைத்தேன். மொத்தம் ஐந்நூற்றுப் பத்து. இன்னும் நூற்றி முப்பது.

02.02.2024, வெள்ளி

கேட்டேவிட்டேன். குசினிக் கதவை மூடிவிட்டுத்தான் கேட்டேன்.

குளிசை போட்டால் தலை கிறுகிறுக்கிறதாம். எட்டுப் போடும்போது விழுந்துவிடுவாராம். பத்தாம் தேதி முடிந்த கையோடு போடுவாராம். நான் அழுதேன், கோபமாகவும் கதைத்தேன். பாரமா, ஓட்டமா, இரண்டும் வேண்டாம் என்றுதானே எழுதிக் கிடக்கிறது?

 இவர் சொன்னது இதுதான்:

"இராசேஸ், இந்த வயதுக்கு எத்தினை ஓட்டம் ஓடிட்டன். பின்னாலை ஒருத்தரும் துரத்தாமல் ஓடுறது இதுதான் முதல்தரம். அதை விடச் சொல்லாதையும்."



05.02.2024, திங்கள்

வட்டக்கச்சிச் சந்தியில் வெடி கொளுத்துவதா இல்லையா என்று ஒரே கதை. லியுவுக்கு வெடி இல்லாமல் வருடம் பிறக்காதாம். அஜந்தன் ஒரே பிடியாக, இங்கே உள்ள சனத்துக்குத் திடீர் என்று அந்தச் சத்தம் ஏலாது, நூற்றியெட்டுத் தேங்காய் உடைப்போம் என்றார். லியு அதற்கும் தலையாட்டினார். நல்ல மனிசன். அவரிலும் எனக்குக் கோபம்.

அவரிடம் போய்ச் சொன்னால் என்ன? அவர் சீனர், அவருக்குச் சொல்வது சத்தியத்தில் சேருமா? போனுக்குள் இருக்கிற பொம்பிளைக்கும் சொன்னதாகிவிடும். கற்பூரத்தில் தொட்டு "ஒருத்தருக்கும்" என்றுதான் சொன்னேன்.

08.02.2024, வியாழன்

நாகம் எங்கள் வீட்டில். முடிந்துவிட்டது, அறுநூற்று நாற்பது செதில். நெல் மூட்டைகளுக்கு மேலே மடித்து வைத்திருக்கிறது. தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கண் திறக்காத உருவத்தின் முகத்தில் முழிக்கக்கூடாது.

கண் கடைசியில்தானாம். ஆடுகிற அன்று, எல்லார் முன்னிலையிலும், தூரிகையால் சிவப்புப் பொட்டு வைத்தால்தான் அது விழிக்கும். அதுவரை நித்திரை. இது எங்கள் கோயிலில் கண் திறப்பது மாதிரித்தானே என்று அஜந்தனுக்கு ஒரே சந்தோசப் புளுகம். லியுவின் ஊரில் அந்தப் பொட்டை உடம்பு தைத்தவர்தான் வைப்பாராம்.

அப்படியென்றால் நான். என் கையால் அதை எழுப்பி, இவருக்கு மேலே விடப்போகிறேன்.

இவர் சாப்பிட்டுவிட்டுக் கனடாவில் இருக்கிற ஏரம்பண்ணையோடு அரை மணித்தியாலம் கதைத்தார். இவருடைய பெரியப்பாவின் மகன். வாசிகசாலைக்குத் தகரம் போட்டுத் தந்தவர். நாகத்தின் கதையை எல்லாம் சொன்னார். தன் கதை ஒன்றும் சொல்லவில்லை.

09.02.2024, வெள்ளி

இன்று பழக்கத்தில் இரண்டாம் சுற்றோடு தோளைத் தடவினார். இடது தோள். ஒருவரும் காணவில்லை.

நாளைக்கு மூன்று சுற்று.

10.02.2024, சனி

 இன்றைக்கு எழுதாமல் இருக்க ஏலாது.

வெட்டை நிறையச் சனம். ஒன்பது பேரும் மஞ்சள் துண்டு தலையில் கட்டி வரிசையாக நின்றார்கள். லியு புதுச் சிவப்புச் சட்டை. தட்டத்தில் சிவப்பு மையும் தூரிகையும் வைத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் எடுத்தேன். இவர் நாகத்தின் தலையை என் முகத்துக்கு நேரே தாழ்த்திப் பிடித்தார்.

ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. மேளம் ஒரு அடி அடிக்கவில்லை. இவருடைய நெற்றியில் அந்த வேர்வை – கார்த்திகையில் வரம்பில் கண்ட அதே வேர்வை. உதடு வெளிறி. என்னைப் பார்த்துக் கண்ணால், வை, வை என்றார்.

என் வாய் தானாகத் திறந்தது.

"நான் வைக்கேலாது. துடக்கு."

அஜந்தன் கிட்ட வந்தார். என்னக்கா, என்ன துடக்கு என்று மெல்லக் கேட்டார். எனக்கு மட்டும் என்றால் வேறு ஒருத்தி வைத்துவிடுவாள், ஆட்டம் நடக்கும். இவருக்கும் சேர வேண்டும். பங்காளிச் சாவு என்றால்தான் இவருக்குச் சேரும். இதை எல்லாம் நான் யோசித்தேனா? யோசித்திருக்கிறேன். ஒரு கணத்தில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன்.

"கனடாவிலை ஏரம்பண்ணை மோசம் போயிட்டார். விடியத்தான் போன் வந்தது."

 அஜந்தன் இவர் பக்கம் திரும்பி, அண்ணை, உங்களுக்குத் தெரியாதோ என்றார். இவர் என்னைப் பார்த்தார். நேற்று முன்தினம் அரை மணித்தியாலம் கதைத்த மனிசன். நான் நிலத்தைப் பார்த்தேன். ஒரு சொல், ஒரே ஒரு சொல் போதும், இந்த ஊரில் நான் பிறகு முகம் காட்ட ஏலாது.

"தெரியாது" என்றார்.

தலையை மெல்ல நிலத்தில் வைத்தார். துண்டை அவிழ்த்தார். ஒருவரையும் பாராமல் வீட்டுப் பக்கம் நடந்தார். நானும் பின்னால்.

பொட்டைப் பக்கத்து வீட்டுக் கமலாசனி வைத்தாவாம். ஒரு கண் சின்னன், ஒரு கண் பெரிசாம். தலையை லியுவே எடுத்துக்கொண்டு ஓடினாராம். மேளச் சத்தம் வீட்டுக்குக் கேட்டது. மூன்று சுற்று. நான் எண்ணினேன். இவர் கிணற்றுக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

உயிரோடு இருக்கிற மனிசனை வாயால் கொன்றுவிட்டேன்.

11.02.2024, ஞாயிறு

இவர் கதைக்கவில்லை. சவரம் எடுக்கவில்லை. கோயில் மணி கேட்டபோது எழும்பிப் போகவும் இல்லை. நான் சொன்ன துடக்கை இவர் காக்கிறார்.

ஏரம்பண்ணைக்கு ஏதும் நடந்தால்? பொய் நாக்கில் இருந்து விழுந்தது, எங்கே போய் நிற்கும்? இன்றைக்குச் சுவாமி அறைக்குள் போக எனக்குப் பயம்.

12.02.2024, திங்கள்

சந்தியில் மின்கம்பத்தில் ஏரம்பண்ணை சிரிக்கிறார். அஜந்தன் என்னைக் கேளாமலே நோட்டிஸ் அடித்து ஒட்டிவிட்டார். தகரம் போட்ட திறப்பு விழாப் படம். கண்ணீர் அஞ்சலி. எமது நிலையத்தின் தூண் சரிந்ததே. பிறப்பு எழுதி இருக்கிறது. இறப்பு, 10.02.2024.

சைக்கிளில் வந்தவள் இறங்கிவிட்டேன்.  கிழிப்போமா என்று கை போனது. கிழித்தால் ஏன் என்று கேட்பார்களே.

13.02.2024, செவ்வாய்

துக்கம் விசாரிக்க வந்தார்கள். கமலாசனி, அஜந்தனின் மனிசி சிவலட்சுமி, இன்னும் நாலைந்து பேர். பாய் விரித்தேன். கமலாசனி உண்மையாகவே அழுதா. ஏரம்பண்ணை தன் கலியாணத்துக்கு மோதிரம் போட்டவர் என்று சொல்லி அழுதா. இவர் வாசல் நிலையில் சாய்ந்து இருந்தார், நாலு நாள் தாடியோடு.

என்ன வருத்தம் என்று கமலாசனி கேட்டா. நெஞ்சு என்றேன். முந்தி ஒன்றும் இல்லையோ என்றா.

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. நிற்க நினைத்தேன், ஏலவில்லை.

இருந்தது, கார்த்திகையில் ஒருக்கா வந்தது என்றேன். டொக்டர் பாரம் தூக்காதே, ஓடாதே என்று எழுதிக் கொடுத்தவர், மனிசன் கடிதத்தை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிப்போட்டார் என்றேன். பிள்ளைக்கும் மறைச்சு, ஊருக்கும் மறைச்சு, மனிசியிட்டைச் சத்தியம் வாங்கினவர் என்றேன். குளிசையை வாய்க்குள்ளை போடுற மாதிரிப் போட்டுத் துப்பினவர் என்றேன். அவள் ஒவ்வொரு நாளும் ஆள் மூச்சு விடுகுதோ எண்டு பார்த்துப் பார்த்துத்தான் எழும்பிறவள், சோறு இறங்காது, கோயிலிலை நிண்டாலும் கும்பிட வாய் வராது, சொல்லி அழ ஒரு சீவன் இல்லை…

சிவலட்சுமி என் கையைப் பிடித்தா. கமலாசனி மூக்கைச் சிந்திவிட்டு, "பாவம் அந்த மனிசி. செத்தவருக்கென்ன, அவர் போயிட்டார்" என்றா.

ஒருவரும் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டினேன். நாலு நாளில் முதல் முறையாக இவர் வாய் திறந்தார். நிலையை விட்டு எழும்பவில்லை.

"ஏரம்பண்ணையின்ரை மனிசி குளிசையை எண்ணினவவோ?"

"ஓம்."

"எத்தினை மிச்சம்?"

"இருபத்தி மூண்டு."

எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் கழுவி இருந்தது.

14.02.2024, புதன்

விடிய எழும்பிப் பார்த்தால் இவர் சேட்டுப் போட்டு, கிளினிக் கொப்பியையும் அந்தக் கடிதத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறார். நானும் சேலை மாற்றினேன். முதல் பஸ்.

கிளிநொச்சியில் டொக்டர் பொம்பிளை, சின்னப் பிள்ளை. கடிதத்தின் தேதியைப் பார்த்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தா.  என்னை வெளியே கூப்பிட்டு, இந்த மாதிரி இருதயத்தோடு ஓடினவரோ, எவ்வளவு தூரம் என்று கேட்டா. பழக்கத்தில் ஓடினவர், பத்தாம் தேதி வெட்டையைச் சுற்றி மூன்று தரம் ஓட இருந்தவர் என்றேன். அன்றைக்கு ஓடவில்லைதானே என்று இரண்டு தரம் கேட்டா. ஓடவில்லை, ஓடவில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு இருபத்தி இரண்டாம் தேதி.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் அடித்தது. கனடா நம்பர்.

"தங்கச்சி, நான் செத்ததை எனக்கும் ஒருக்காச் சொல்லியிருக்கலாமே" என்றார் ஏரம்பண்ணை.

ஆரோ அந்தக் கம்பத்து நோட்டிசைப் படம் எடுத்து முகநூலில் போட்டிருக்கிறார்கள். விடிய எழும்பி வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்றவருக்குப் பூவோடு இரண்டு பேர் வந்து இறங்கினார்களாம். அவர் சிரிக்கிறார். படம் வடிவாய்த்தான் வந்திருக்கிறதாம்.  அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். ஏன் என்று கேட்கிறார். ஏன் என்று நான் சொல்ல ஏலாது. கற்பூரம்.

இவர் வந்து போனை என் கையில் இருந்து எடுத்தார்.

"என்னாலைதான் அண்ணை. எனக்கு நெஞ்சு சரியில்லை."

முதல் தரம். இன்னொரு ஆளுக்கு. என் காதால் கேட்டேன்.

16.02.2024, வெள்ளி

ஊருக்குத் தெரியும். அஜந்தன் நோட்டிசைச் சுரண்டுகிறார். நல்லாய் ஒட்டிவிட்டாராம், வருகுதில்லையாம். ஒருவரும் முகத்துக்கு நேரே ஏசவில்லை. இவரைப் பார்க்க வந்தவர்கள் என்னைப் பாராமலே போகிறார்கள். கமலாசனி மட்டும் வேலிக்கு மேலால், "நான் அழுத கண்ணீருக்கு ஒரு கணக்கு எழுதி வையும்" என்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டா. வேணும். எனக்கு இது வேணும்.

ஐயரிடம் போய் எல்லாம் சொன்னேன். பரிகாரம் என்ன என்றேன். இல்லாத துடக்குக்கு நான் எதைக் கழிக்கிறது என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டார். செத்தான் என்று சொல்லப்பட்டவனுக்கு ஆயுசு கெட்டி அம்மா. அவருடைய பெயருக்கு முப்பத்தொரு நாள் விளக்குப் போடுங்கோ என்றார்.

ஏரம்பண்ணைக்கு ஆயுசு கெட்டி. சரி. மற்ற ஆளுக்கு?

22.02.2024, வியாழன்

யாழ்ப்பாணம். பன்னிரண்டாம் கட்டில். சாரங்காவின் சோதினை முந்தாநாள் முடிந்தது. நேரே வந்து நிற்கிறாள். தகப்பனோடு சண்டை பிடித்துவிட்டு, என்னோடு அதைவிடப் பெரிசாகப் பிடித்தாள். பிறகு என் மடியில் தலை வைத்து ஆஸ்பத்திரி நீட்டு வாங்கில் படுத்தாள்.

திங்கட்கிழமைதான் குழாய் விடுவார்களாம்.

24.02.2024, சனி

அஜந்தன் போன் எடுத்தார். இன்று லியுவின் வருடப்பிறப்புக்குப் பதினைந்தாம் நாளாம். இன்றைக்கு நாகத்தை எரிக்க வேண்டுமாம். எரித்தால்தான் அது வானத்துக்குத் திரும்பிப் போகும், அடுத்த வருடம் புதிதாகச் செய்ய வேண்டும், வைத்திருப்பது கூடாது. ஊரில் பாதிப் பேர் சாமியை எரிப்பதோ என்று நிற்கிறார்கள். தைத்தது நான் என்றபடியால் என்னைக் கேட்கிறாராம்.

 இவர் பிடித்த தலை. இவர் வேர்வை ஊறிய தடி. திங்கட்கிழமைக்கு முதல் அதில் நெருப்பு வைப்பதோ? மடைத்தனம் என்று தெரியும். தெரிந்தும் பயம். திங்கள் முடியட்டும் தம்பி, அதுவரைக்கும் எரிக்க வேண்டாம் என்று லியுவைக் கேளுங்கோ என்றேன்.

கால் மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார். பதினைந்தாம் நாள் தவறினதை அவருடைய ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லையாம். கன நேரம் தலையைச் சொறிந்தாராம். பிறகு தன் வாயாலேயே, "நாளைக்கு. நாளைக்கு. கொஞ்சம்" என்றாராம்.

26.02.2024, திங்கள்

8.40 – கொண்டு போனார்கள்.

9.30

10.15 – கதவு திறந்தது, வேறு ஆள்.

10.50 – ஒன்றும் இல்லை. கந்தசஷ்டி கவசம் நடுவில் மறந்து போகிறது, திரும்பத் திரும்ப முதலில் இருந்து.

11.35 – இரண்டு இடத்தில் அடைப்பாம். ஒன்று முக்கால்வாசிக்கு மேலே. கம்பிச்சுருள் இரண்டு வைத்துவிட்டார்களாம். டொக்டர் சாரங்காவோடு கதைத்தார், நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல வேளை வந்தீர்கள் என்றார். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது.

27.02.2024, செவ்வாய்

வெட்டையில் நேற்றுப் பின்னேரம் எரித்தார்களாம். கமலாசனி தானே போன் எடுத்துச் சொன்னா. பதினொரு நாளுக்குப் பிறகு. லியு மூன்று தரம் குனிந்து கும்பிட்டாராம், எங்கடை சனம் விழுந்து கும்பிட்டதாம். மஞ்சள் துணி ஒரு நிமிடத்தில் போய்விட்டதாம். தான் வைத்த பெரிய கண்தான் கடைசிவரைக்கும் நின்று பார்த்ததாம்.

இன்னும் கோபமோ என்று கேட்டேன். "கோபம்தான். எப்ப வாறியள்?" என்றா.

31.03.2024, ஞாயிறு

முதலாம் தேதி தொடங்கின முப்பத்தொரு விளக்கும் முடிந்தது. இடையில் ஒரு நாளும் விடவில்லை. ஏரம்பண்ணைக்குச் சளி மட்டும்தானாம்.

02.04.2024, செவ்வாய்

முட்டை ஒன்பது. கீரை பதினான்கு பிடி.

இவர் காலையில் வரம்பு பார்க்கப் போனார். டொக்டர் நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பின்னால் போகக்கூடாது என்று என்னை நானே பிடித்துக்கொண்டு குசினிக்குள் நின்றேன். பத்து மணிக்கு முதலே படலை திறந்த சத்தம். வெளியில் வந்தேன். பாதி வயலும் பார்க்கவில்லை.

"இராசேஸ், எனக்குக் களைக்குது" என்றார், நான் கேட்க முதலே, தன் வாயாலேயே.

பாய் விரித்தேன். படுத்தார்.